தனிப் பெண்கள் சிறையா, பொதுச் சிறையில் ஒரு பகுதியா?

இந்தியக் கைதிகளில் பெண்கள் ஏறத்தாழ 4 விழுக்காடுதான். எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களுக்கு எதிராகப் போய்விடுகிறது. புழல், வேலூர், திருச்சி போன்ற இடங்களில் பெண்களுக்கெனத் தனிச் சிறைகள் உண்டு. ஆனால் நாடு முழுவதும் பார்த்தால், பெரும்பாலோர் பொதுச் சிறையின் ஒரு பகுதியில்தான் அடைக்கப்படுகிறார்கள்.

அத்தகைய பொதுச் சிறையில் மருத்துவமனை, நூலகம், தொழிற்கூடம் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் பக்கம் இருக்கும். வயிற்றுவலி என்றாலும் துணைக்குப் பெண் காவலர் வேண்டும். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாதவிடாய்க்கான நாப்கினைக்கூடக் கேட்டுத்தான் பெற வேண்டும் என்ற நிலை எனக்குக் கோபமூட்டுகிறது. கர்ப்பிணிகளின் பாடு இன்னும் கடினம்.

தனிச் சிறையில் பணியாளர்கள் பெரும்பாலும் பெண்கள். பயிற்சி வகுப்புகளும் நடக்கும். ஆறு வயதுவரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளைச் செயல்படுத்தவும் அங்கேதான் ஓரளவு வசதி உண்டு. ஆனால் தொலைவு! கணவன் கைதானால் மனைவி வாரந்தோறும் மனுப் போட்டுப் பார்க்க வருவாள். மனைவி கைதானால் வீடே அவளை மறந்துவிடுவது நம் ஊர் வழக்கம். பஸ் செலவு அதற்கு நல்ல சாக்கு.

நீண்ட தண்டனை பெற்றவருக்குத் தனிச் சிறையே மேல் என்பேன். விசாரணைக் கைதிக்கு வழக்கறிஞரும் பிள்ளைகளும் அருகில் இருப்பது முக்கியம். அவருக்கு முதலில் கேட்க வேண்டியது ஜாமீன்: ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றங்களிலும் பெண் என்பதைக் கருதி ஜாமீன் வழங்கச் சட்டம் இடமளிக்கிறது.