ஸ்டீயரிங் கனத்தது ஏன்? டோல்கேட் பட்டறையில் ஒரு சனிக்கிழமை

கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு என் காரின் ஸ்டீயரிங் கனக்க ஆரம்பித்தது. 2013இல் வாங்கிய சின்ன கார், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து லால்குடிக்குப் பள்ளிக்கூடம் போய்வர எனக்கு அதுதான். ரோட்டில் ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. அடையவளஞ்சான் தெருவில் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போதுதான் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. எனக்கு வலது மணிக்கட்டில் ஏற்கெனவே வலி. ஒரு வாரம் பொறுத்தேன், அப்புறம் முடியவில்லை.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். இருபது நிமிடத்தில் வந்து, ஸ்டீயரிங் காலத்தை (column, ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டை) மோட்டாரோடு முழுசாக மாற்ற வேண்டும், 42,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பவர் ஸ்டீயரிங் வீக் ஆகிடுச்சு மேடம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. எஸ்டிமேட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளி கணக்கு சார் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். நம்பர் 1 டோல்கேட்டிலிருந்து லால்குடி ரோட்டில், ஒரு லேத் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. நடத்துகிற தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வந்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "வார்னிங் லைட் எரியுதா டீச்சர்? ஒரே மாதிரி கனமா, விட்டு விட்டுக் கனமா? வளைச்சிட்டுக் கையை விட்டா தானா நேரா வருதா?"

மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. சில நாளாகவே, திரும்பிய பிறகு ஸ்டீயரிங்கை நானேதான் இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன் டயர்களில் காற்று 24தான் இருந்தது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பது 33. நிரப்பியதும் கொஞ்சம் இளகியது, ஆனால் போகவில்லை. அடுத்து பேட்டரி. என் கார் மாதிரி வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஆயில் பம்ப் கிடையாது, ஸ்டீயரிங் காலத்தில் இருக்கும் மின் மோட்டார்தான் தள்ளிக் கொடுக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் அந்த உதவியும் குறைந்துவிடும் என்று விளக்கினார். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: இன்ஜின் ஓடும்போது 14.1, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதும் 13.6க்குக் கீழே இறங்கவில்லை. எர்த் ஒயரையும் ஆட்டிப் பார்த்தார். சாவி போட்டதும் ஸ்டீயரிங் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. ஸ்கேனரிலும் பழுதைக் காட்டும் குறியீடு எதுவும் இல்லை. மோட்டாரோ சென்சாரோ போயிருந்தால் பெரும்பாலும் அந்த லைட் அணையாமல் நிற்குமாம்.

இதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஜாக்கி போட்டு முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கிய பிறகு என்னையே திருப்பச் சொன்னார். டயர் தரையில் படாதபோதும் கனம் இருந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை. கால் சுற்று லேசு, அடுத்த கால் சுற்று இறுக்கம், மறுபடி லேசு. "இது ஜாயிண்ட்டுதான்" என்றார்.

சீட் பெல்ட்டால் ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டினார். அது தனியாகச் சுற்றிவிட்டால் ஏர்பேக் ஒயர் அறுந்துபோகுமாம். வெள்ளை பெயின்ட்டில் அடையாளம் வைத்துவிட்டு, ஸ்டீயரிங் காலத்தையும் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கையும் சேர்க்கும் கீழ் ஜாயிண்ட்டைக் கழற்றினார். இப்போது டயரைப் பிடித்துத் தள்ளினால் சக்கரங்கள் தடையில்லாமல் திரும்பின. ரேக்கில் குறை இல்லை. ஜாயிண்ட்டை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் மடங்கியது. மறு பக்கம் துருப்பிடித்த கீல் மாதிரி அசையவே இல்லை. ஓரத்தில் செங்கல் தூள் போல துரு உதிர்ந்து என் விரலில் ஒட்டியது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி இறுகிப் போயிருக்கிறது.

எண்ணெய் விட்டால் சரியாகாதா என்று கேட்டேன். "இன்னிக்கு ஓடும், அடுத்த மழைக்கு மறுபடி இறுகும். ஸ்டீயரிங்ல அந்த வேலை வேணாம் டீச்சர்" என்றார்.

புது ஜாயிண்ட் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்து, செவ்வாய்க்கிழமைதான் வண்டி கையில் கிடைத்தது. மூன்று நாள் டவுன் பஸ்ஸில் போனேன். ஜாயிண்ட் 2,350, கூலி 900. நான் கேட்காமலே பழைய ஜாயிண்ட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பில் துண்டுச் சீட்டில்தான். உட்கார ஒரு ஸ்டூல், அதுவும் வெயிலில். போன் போட்டால் எடுக்க மாட்டார், வேலையில் இருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். வீல் அலைன்மென்ட் மெஷின் இங்கே இல்லாததால் அதை மட்டும் தில்லைநகரில் தனியாகப் பார்த்துக்கொண்டேன்.

நாலு மாதம் ஆகிறது. வாசலில் ரிவர்ஸ் எடுக்க இப்போது ஒரு கை போதும். நீங்கள் போவதாக இருந்தால் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் லோடு வண்டிகள் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.