மஞ்சக்குப்பம் 'இலவச மார்பகப் பரிசோதனை முகாம்': அண்ணிக்கு நேர்ந்தது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கும் பெண்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

போன அக்டோபரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பிங்க் கலர் பேனர் கட்டியிருந்தார்கள். இலவச மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம். 'தொட மாட்டோம், வலிக்காது, கதிர்வீச்சு கிடையாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணியை அங்கே கூட்டிப்போனது நான்தான்.

அண்ணிக்கு 46 வயது. குளிக்கும்போது இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். வலி இல்லை. டாக்டரிடம் காட்டக் கூச்சம். 'தொட மாட்டோம்' என்பதைப் பார்த்துத்தான், "இதுக்குன்னா வரேன்மா" என்று கிளம்பினார்.

டோக்கன் எண் 37. மணமகள் அறையை போர்வை கட்டி இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஏசியைக் கூட்டி வைத்து, மேலுக்குத் துணியில்லாமல் பத்து நிமிடம் உட்கார வைத்தார்கள். அப்புறம் கேமரா மாதிரி ஒன்றால் படம் எடுத்தார்கள். லேப்டாப்பில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அண்ணியின் மார்பு தெரிந்தது. "இந்த இடத்துல கட்டி மாதிரி இருக்கு" என்று அண்ணி இரண்டு முறை விரல் வைத்துக் காட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட அந்தப் பெண் கை வைத்துப் பார்க்கவே இல்லை. "சூடு எங்கயும் காட்டல மேடம். கொழுப்புக் கட்டிதான். உடம்புல நச்சு சேர்ந்திருக்கு" என்று சொல்லி மூன்று டப்பா பவுடரை எடுத்து வைத்தார். 6,800 ரூபாய். பளபளக்கும் தாளில் ரிப்பன் படம், 'நார்மல்' என்று பச்சை முத்திரை. டாக்டர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்டது அந்தப் பச்சை மட்டும்தான்.

நான்கு மாதம் அண்ணி வேளை தவறாமல் பவுடரைக் கரைத்துக் குடித்தார்.

பிப்ரவரியில் கட்டிக்கு மேல் தோல் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. கோரிமேடு ஜிப்மருக்கு ஓடினோம். அங்கே பெண் மருத்துவர் முதலில் செய்தது கையால் தொட்டுப் பார்த்ததுதான், இரண்டு மார்பையும், இரண்டு அக்குளையும். முகாம் தாளை நீட்டினேன். "கையில தட்டுப்படுற கட்டிக்கு இந்தப் படம் எதுக்கும்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமோகிராம், ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்து பயாப்ஸி. புற்றுநோய்தான், அக்குள் வரைக்கும் வந்துவிட்டது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்றார்கள்.

அந்த கேமரா தோலின் சூட்டைத்தான் படமாகக் காட்டும். அது மாமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-லேயே எச்சரித்திருக்கிறது. மாமோகிராம் என்பது எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பை அழுத்தி எடுப்பார்கள், சில நொடிகள் வலிக்கும். அதிலேயே நார்மல் என்று வந்தாலும், கையில் கட்டி தட்டுப்பட்டால் அதோடு விட மாட்டார்கள், ஸ்கேனும் தேவைப்பட்டால் பயாப்ஸியும் பார்ப்பார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அண்ணியைப் போலக் கூச்சப்படுபவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனை இலவசம். நர்ஸ் அக்காவிடம் சொன்னால் போதும்.

முகாம்காரர்களைத் தேடிப் போனோம். மண்டபத்தில், ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவர்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். பில்லில் இருந்த நம்பரில் பத்து நாள் கழித்து ஒருவர் எடுத்தார். "இது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லன்னு பின்னாடி போட்டிருக்கே சார்கிட்ட காட்டுங்க" என்றார், அண்ணனைத்தான் சார் என்கிறார். திருப்பிப் பார்த்தால் எறும்பு மாதிரி ஆங்கிலத்தில் இரண்டு வரி. அண்ணி படித்தது எட்டாவது வரைக்கும், அதுவும் தமிழில். பணம் திரும்ப வரவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். போன பணம் போகட்டும், அந்த நான்கு மாதத்தை யாரிடம் கேட்பது?

இப்போது பார்க்க வருகிறவர்களில் சிலர் அண்ணியிடமே, "முன்னாடியே காட்டியிருக்கலாமே" என்கிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். அவர் காட்டினார். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் பேசுவதில்லை. கீமோ நாளில் விடியற்காலை பஸ்ஸில் கூடவே வந்து வரிசையில் நிற்கிறார், வாய்ப்புண்ணுக்கு ஆறவைத்த கஞ்சி கொண்டுவருகிறார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார்.

அன்றைக்கு 37-க்குப் பின்னாலும் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. பச்சை முத்திரைத் தாளை பீரோவில் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புகாருக்குச் சேர்ந்துகொள்ள விருப்பமிருந்தால் எனக்கு எழுதுங்கள், பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.