கம்ப்யூட்டர் சத்தத்தைக் குறைக்க டேம்பிங் (அதிர்வை அடக்கும்) ஷீட்டா, ஃபோமா?

கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். 'ம்ம்ம்' என்ற முனகல் அடங்கினால், சத்தம் போடுவது தகடுதான். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அந்த அதிர்வு திருகு வழியாகத் தகட்டுக்கு ஏறுகிறது. இதற்குக் கார் கதவுக்குள் ஒட்டுகிற கனமான பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்தான் சரி. முழுவதும் மூட வேண்டாம், தகட்டின் நடுவே ஒரு துண்டு போதும். மேலே அலுமினியத் தாள் இருக்கும், மதர்போர்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் முட்டியால் தட்டினால் முன்பு 'டங்', இப்போது 'தொப்'.

ஃபோமின் வேலை வேறு. ஃபேனின் 'ஸ்ஸ்' இரைச்சல், மெல்லிய கீச்சொலி இவற்றை ஓரளவு உறிஞ்சும். 120 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ கிட்டத்தட்ட 3 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஃபோமுக்கு அது பிடிபடாது. காற்றுத் துளையை மறைத்துவிட்டால் சூடு ஏறி ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும்.

என் பணம் முதலில் ஷீட்டுக்குத்தான். ஹார்ட் டிஸ்க் இல்லாமல், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும் உள்ள மெஷின் என்றால், ஃபோம் வாங்குமுன் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) ஃபேன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.