பணி அனுபவம்: எந்த நாட்டு விசா எதை எண்ணுகிறது?

கையில் உள்ள ஆறு ஆண்டு அனுபவம் எல்லா நாட்டிலும் ஆறாகவே எண்ணப்படும் என்று நம்பி விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். சில நாடுகள் பட்டத்துக்கு மேல் அனுபவமும் கேட்கின்றன. வேறு சிலவற்றில் பட்டம் இல்லாத குறையை அனுபவம் ஈடுகட்டும். உங்களுக்கு எது தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டம் கேட்பது ஓராண்டுதான். கடந்த 10 ஆண்டுக்குள், ஒரே தொழிற்பிரிவில், வாரம் 30 மணி வீதம் 1,560 மணி, சம்பளத்துடன். எளிதாகத் தெரியும், ஆனால் அந்த ஓராண்டு இடைவெளியின்றித் தொடர்ந்திருக்க வேண்டும். எட்டு மாதம் வேலை, நான்கு மாதம் சும்மா, மறுபடி எட்டு மாதம் என்றால் கூட்டுத்தொகை 16 மாதம், தகுதியோ இல்லை. வாரம் 60 மணி உழைத்தாலும் 30 மணிதான் கணக்கு. பகுதிநேரமானால் வாரம் 15 மணி வீதம் 24 மாதம். கனடாவுக்குள்ளேயே வேலை பார்த்தவர்களுக்கான கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் இடைவெளி தடையில்லை, கடைசி 3 ஆண்டுக்குள் 1,560 மணி சேர்ந்தால் போதும். ஆனால் முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை அதில் சேராது.

தகுதிக்கு மதிப்பெண் போட்டு விசா தரும் ஆஸ்திரேலியாவின் பாயிண்ட் முறை இன்னும் கறாரானது. வெளிநாட்டு அனுபவம் 3 ஆண்டு ஆனால் 5 பாயிண்ட், 5 ஆண்டுக்கு 10, 8 ஆண்டுக்கு 15. ஐ.டி. துறையினரை மதிப்பிடும் ஏசிஎஸ் (ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி), பட்டம் தொழிலோடு நெருங்கியதாக இருந்தாலும் பொதுவாக 2 ஆண்டைக் கழித்துவிடும். நெருங்காத பட்டத்துக்குக் கழிவு கூடும். ஆறு ஆண்டு நான்காகி, நினைத்த 10 பாயிண்ட் 5 ஆகிவிடும். கழிக்காமலே 10 என்று போட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும் அழைப்பை வாங்கினால் விசாவே நிராகரிக்கப்படும். திருத்திக்கொள்ள வாய்ப்பு தரமாட்டார்கள்.

பட்டம் இல்லாத ஐ.டி. ஊழியருக்கு நாங்கள் முதலில் சொல்வது ஜெர்மனி. வேலை உறுதியும் உரிய சம்பளமும் இருந்தால், கடந்த 7 ஆண்டில் 3 ஆண்டு பட்டதாரிக்கு நிகரான அனுபவத்தைக் காட்டி ப்ளூ கார்டு என்ற வேலை, குடியிருப்பு அனுமதி பெறலாம். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவில் கல்லூரிப் படிப்பின் ஓராண்டுக்கு 3 ஆண்டு அனுபவம் ஈடு, அதாவது நான்காண்டுப் பட்டத்துக்கு 12 ஆண்டு. பொறுப்பு படிப்படியாக உயர்ந்ததையும் காட்ட வேண்டும். பலர் சறுக்குவது மதிப்பீட்டில்: சான்றிதழ் மதிப்பிடும் நிறுவனங்கள் படிப்பைத்தான் மதிப்பிடலாம். அனுபவத்துக்கு, அதற்குக் கல்லூரி கிரெடிட் வழங்கும் அதிகாரமுள்ள பல்கலைக்கழக அலுவலரின் கடிதம் வேண்டும். ஜப்பானின் பொறியாளர் விசாவில் பட்டத்துக்குப் பதில் 10 ஆண்டு; அந்தத் துறையைப் படித்த காலமும் அதில் சேரும்.

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குக் குறைந்தபட்ச ஆண்டுக் கணக்கு கிடையாது. ஸ்பான்சர் நிறுவனம், வேலையின் தரநிலை, சம்பளம், ஆங்கிலம் ஆகியவைதான் பார்க்கப்படும்.

இனி, அனுபவத்தை நிரூபிக்க நிறுவனம் தரும் கடிதம். சேர்ந்த தேதி, விலகிய தேதி மட்டும் உள்ள ரிலீவிங் லெட்டர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போதாது. லெட்டர்ஹெட்டில் பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த பணிகள், கையெழுத்திட்டவரின் பதவி, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். மணிக்கணக்கு விடுபடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அது இல்லாமல் கனடா கேட்கும் 1,560 மணியை நிறுவ முடியாது. பணி விவரத்தை அரசுத் தளத்தின் தொழில் விளக்கத்திலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள், அதிகாரிக்குச் சந்தேகம் வரும். ஹெச்.ஆர். தர மறுத்தால் மேலாளர் அல்லது உடன் பணியாற்றியவரின் உறுதிமொழிப் பத்திரம், பே ஸ்லிப், வரிப் படிவம், சம்பளம் வந்த வங்கிக் கணக்குப் பக்கங்கள் ஆகியவற்றை ஏன் கடிதம் இல்லை என்ற விளக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள். வேலையை விடும்போதே கேட்டு வாங்குவது நல்லது. நிறுவனம் மூடிவிட்டால் கையெழுத்திட ஆள் இருக்காது.