பாய்மரப் படகில் பார்பிகியூ: சில பருவங்கள் பாவித்த பிறகு

கொழும்பில் படகு வைத்திருப்பவர் வெளியே சமைக்க ஓர் அடுப்பு தேடுவதற்கு முதற் காரணம் வெக்கை. மார்ச் மாத மாலையில் நங்கூரமிட்டு நிற்கும்போது வெளியே 30 பாகை இருக்கும், காற்றில் ஈரம் வேறு. அந்த நேரத்தில் கபினுக்குள் இரண்டு பர்னரை அரை மணி நேரம் எரித்தால் அந்தச் சூடு நடுச்சாமம் வரைக்கும் இறங்காது. அதற்குள்தான் நாம் படுக்கவும் வேண்டும். மீன் பொரித்த மணம் மெத்தையில் ஏறிவிட்டால் அடுத்த பயணத்திலும் கூடவே வரும். சுட்ட மீனின் ருசியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்களுடையது மூன்று குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் 30 அடி ஃபைபர்கிளாஸ் படகு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேற்குக் கரையில் ஓடுவோம். வடக்கே நீர்கொழும்புப் பக்கம், நேரம் கிடைத்தால் தெற்கே காலி. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எழும்புவதற்கு முன் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய்விட்டால் செப்ரெம்பர் வரை அந்தப் பக்கம் கடல் நல்லது. இரண்டு கரையிலும் ஒரே பார்பிகியூதான். வட்டமான, மூடியுள்ள, காஸில் எரியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டில் வகை. சுடும் தட்டு 38 சென்றிமீற்றர் குறுக்களவு. படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் வெளிப்புறமாக மாட்டியிருக்கிறோம்.

இதை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்பதுதான். 38 சென்றிமீற்றரில் நான்கு பேருக்குத் தாராளமாகச் சமைக்கலாம், ஆறு பேரென்றால் இரண்டு தடவை சுட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். படகில் உண்மையில் தீர்மானிக்க வேண்டியவை வேறு: அடுப்பு எங்கே தொங்கும், காற்று அதை என்ன செய்யும், அணைந்தால் காஸ் எங்கே போகும்.

நங்கூரமிட்ட படகு அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பின்பக்கத்தில் மாட்டிய அடுப்பின் புகையும் சூடும் பொறியும் படகைவிட்டு வெளியேதான் போகும். பாய், கயிறு, வெயில் மறைப்புத் துணி எல்லாம் காற்று வரும் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். திருகோணமலையில் கரைப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் படகின் பின்பக்கம் கடலைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். சுடுவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. சிக்கல் வருவது காற்று விழும்போதுதான். அப்போது படகு நீரோட்டத்துக்குத் திரும்பும், இலேசான காற்று பின்னாலிருந்து வந்து சூட்டைக் கொக்பிட்டுக்குள், நாம் உட்கார்ந்து படகோட்டும் இடத்துக்குள், தள்ளும். பக்கத்தில் கட்டிய கயிறு டைனீமா என்ற செயற்கை நாரில் செய்ததாக இருந்தால் அது சுமார் 150 பாகையிலேயே உருகிவிடும், மூடிக்குள் இருக்கும் வெப்பம் அதைவிட எவ்வளவோ கூட. எனவே அடுப்பைச் சுற்றி கை எட்டும் தூரத்துக்குள் எந்தக் கயிறும் வராதபடி ஒழுங்கு செய்திருக்கிறோம். ஓடும் படகில் பற்ற வைப்பதே இல்லை.

கம்பிக்கு வெளியே தொங்கவிடுவதில் இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. எல்பி காஸ் காற்றைவிடப் பாரமானது. புரோப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம். படகில் கசிந்தால் அது தண்ணீரைப் போல இறங்கிப் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும், அங்கே கதவு கிடையாது. பிறகு அது வெடிக்க ஒரு பம்பின் சுவிட்சில் எழும் பொறியே போதும். அடுப்பு வெளியே தொங்கினால் கசிவது கடல்மேல் விழுந்து கலைந்துபோகும். இதே காரணத்துக்காகச் சுடர் அணைந்தால் தானாக காஸை மறிக்கும் வால்வு இல்லாத எதையும் நான் படகுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். காற்றில் சுடர் அணைவது அபூர்வமில்லை, மூடி போட்டிருக்கும்போது அணைந்தது கண்ணுக்கும் தெரியாது. கடையில் பார்க்கும்போது குமிழை அழுத்திப் பிடித்துப் பற்றவைக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் அந்த வால்வின் அடையாளம்.

மாட்டுவதற்கான பிடியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் கம்பி 22 மில்லிமீற்றர், அடுப்போடு வந்த பிடி 25 மில்லிமீற்றருக்கானது. கொட்டாஞ்சேனையில் வெல்டிங் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிடியைவிட கம்பியைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். "தம்பி, நடுக் கம்பியில பாரத்தைத் தொங்கவிடாதீங்க, நிமிர்ந்த காலோட சேர்த்துக் கட்டுங்க. அலையில ஆடுறது அடுப்பு இல்ல, முழு றெயிலும்தான்" என்றார். அவர் செய்து தந்த பிடி இரண்டு இடத்தில் பிடிக்கிறது, ஒன்று நிமிர்ந்த காலில், மற்றது மேல் கம்பியில். காலியிலிருந்து திரும்பும்போது 60 கடல் மைலுக்கு மேல் அலை அடித்தும் அது ஒரு மயிரிழை அசையவில்லை. அடுப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பியர்கள் எழுதும் படகுக் குறிப்புகளில் பியூட்டேன் குளிரில் வேலை செய்யாது என்று எச்சரிப்பார்கள். பியூட்டேனின் கொதிநிலை சுழியத்துக்குச் சற்றுக் கீழே, ஆகவே அவர்களுக்கு அது சரி. நமக்கு அந்தக் கவலை தேவையில்லை. நம்முடைய கவலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கசெட் அடுப்புக்குப் போடும் 220 கிராம் குப்பிகளில் 50 பாகைக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அச்சடித்திருக்கும். வெயிலில் மூடிக் கிடக்கும் படகுப் பெட்டிக்குள் அந்தச் சூடு வருவதற்கு அதிக நேரம் எடுக்காது. அந்தக் குப்பி மெல்லிய இரும்புத் தகடு வேறு. உப்புக் காற்றில் அதன் அடி விளிம்பில் கறள் பிடித்ததைப் பார்த்த நாளிலிருந்து படகில் அதை நாங்கள் வைப்பதில்லை.

கணக்கும் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. ஒரு கிலோ எல்பி காஸில் ஏறத்தாழ 12.7 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. எங்கள் பர்னர் 3 கிலோவாட். முழு வேகத்தில் எரித்தால் 220 கிராம் குப்பி ஒரு மணி நேரம்கூட நிற்காது. கொழும்பில் எங்கேயும் மாற்றிக்கொள்ளக்கூடிய 2.3 கிலோச் சின்னச் சிலிண்டர் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மூடி போட்டுக் குறைத்து எரித்தால் இன்னும் நீளும். அந்தச் சிலிண்டரைக் கொக்பிட்டுக்கு வெளியே, அடியில் கடலுக்குத் துளை விட்ட பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். வெளிநாட்டு அடுப்பு வாங்குகிறவர்கள் அதன் தகட்டில் மில்லிபாரில் போட்டிருக்கும் காஸ் அழுத்த அளவை ரெகுலேட்டரில் உள்ள அளவோடு கட்டாயம் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் சுடர் ஒன்றில் உறுமும் அல்லது சோம்பும்.

2021 கடைசியில் வீடுகளில் அடுத்தடுத்து காஸ் வெடித்த செய்திகள் வந்த பிறகு, சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. படகிலும் அதேதான். 2022இல் வீட்டுக்கே காஸ் கிடைக்காமல் வரிசையில் நின்ற மாதங்களில் படகு கட்டியபடி கிடந்தது.

அந்த மாதங்களில் எல்லாருக்கும் கரிமேல் ஆசை வந்தது. வரத்தானே செய்யும். சிரட்டைக்கரியில் நம்முடைய நாடு கொடுத்து வைத்தது. நன்றாகச் சுட்ட சிரட்டைக்கரி புகையில்லாமல் தகதகவென்று எரியும், அதில் சுட்ட சூரைக்கு ஈடு கிடையாது. ஆனால் கரையில். படகில் கரியை நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. நங்கூரம் இழுபட்டால் உடனே எஞ்சினைப் போட்டு ஓட வேண்டும், அப்போது கையில் செந்தணல் சட்டி இருக்கக்கூடாது. மழைக்கு நாலு பக்கமும் துணி இறக்கிவிட்டு அதற்குள் கரி எரிப்பது உயிராபத்து, ஏனென்றால் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

தென்னாபிரிக்காவில் உருவான கோப் வகை கரியடுப்பு இதில் ஓரளவு விலக்கு. தணல் உள்ளே ஒரு கூடைக்குள் அடங்கிக் கிடக்கும், வெளிச் சுவர் தொடக்கூடிய சூட்டில்தான் இருக்கும், கரியும் கொஞ்சம் போதும். பொல்கொட வாவியில் சின்னப் படகு ஓட்டும் நண்பர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். அலையில்லாத வாவியில், மாலையில் ஒரே இடத்தில் நின்று, கோழியை ஒன்றரை மணி நேரம் மெதுவாக வேகவிடுகிறவருக்கு அது அருமையான சாமான். கடலுக்குப் போகிறவருக்கு நான் காஸைத்தான் சொல்வேன்.

உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணம் வீணாகும் இடம் இதுதான். வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். அது போதாதென்று பார்பிகியூவில் சூடும் சேர்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகத்தில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். 316இல் கூடுதலாக 2 முதல் 3 வீதம் மொலிப்டினம். உப்பு குத்திக் குழி போடுவதை அதுதான் தடுக்கிறது. காந்தம் கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நன்றாக ஒட்டினால் அது மலிவான ரகம் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஒட்டாததால் அது 316 என்றாகிவிடாது. 304உம் ஒட்டாது, நிக்கல் குறைந்த 201உம் ஒட்டாது. மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளப்பாக இருப்பதை எடுங்கள். கோடு கோடாகத் தேய்த்த மேற்பரப்பில் உப்பு தங்கி முதலில் மண்ணிறக் கறை வரும்.

எங்களுடையதன் மூடியும் கிண்ணமும் இன்றைக்கும் வடிவாக இருக்கின்றன. உள்ளே சூட்டில் பொன்னும் நீலமுமாக நிறம் மாறிய இடங்களில்தான் கறள் முதலில் தலைகாட்டுகிறது, ஏனென்றால் அந்த நிறம் மாறிய தோல் பழைய பாதுகாப்பைத் தராது. பற்றவைக்கும் பொத்தான் முதல் பருவத்தோடு போய்விட்டது. அதை நான் குறையாகவே எண்ணவில்லை, நீளமான லைற்றர் ஒன்று போதும். மூடியின் கைப்பிடியைத் தாங்கும் ஸ்குரூக்கள்தான் மோசம், உடம்பைவிட மலிவான உலோகம். புறக்கோட்டையில் 316 ஸ்குரூ தேடி வாங்கி மாற்றினோம். வீட்டுப் பாவனைக்கு வரும் அலுமினிய உடம்பு பார்பிகியூக்களைப் படகில் வைத்தவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஸ்டீல் ஸ்குரூ அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். வார்ப்பிரும்புத் தட்டின் எனாமல் ஒரு மூலையில் உடைந்தாலும் கறள் அங்கிருந்து உள்ளே போகும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது: குளவி. சில வாரம் சும்மா விட்டால் பர்னருக்குக் காற்று போகும் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்து மூடியில் கரி பிடித்தால் முதலில் அங்கே பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மெல்லிய தூரிகை ஒன்றை விட்டு எடுப்போம், முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்த பிறகுதான் துணி உறை போடுவோம். ஈரத்தோடு மூடினால் உறையே அதைத் தின்றுவிடும்.

சமையலைப் பொறுத்தவரை மூடிதான் உயிர். காற்றில் மூடி திறந்து சுட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. அறுக்குளாத் துண்டுக்கு உப்பு, மஞ்சள், மிளகு, தேசிக்காய் பூசி மூடிச் சுட்டால் தட்டில் ஒட்டாமல் வரும். விளைமீனை வாழையிலையில் சுற்றி வைப்பது அதைவிட நல்லது, எண்ணெய் சொட்டாது, தட்டும் சுத்தமாக இருக்கும். இறாலைத் தண்ணீரில் ஊறவைத்த ஈர்க்கில் கோர்ப்போம். கணவாயை மட்டும் மூடி திறந்து, முழுச் சூட்டில், இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். தேங்காய்ப்பாலில் ஊறிய கோழி வேண்டாம்; சொட்டுகிற கொழுப்பில் சுடர் எழும்பும், தட்டு ஆடும் படகில் அதைச் சமாளிப்பது கஷ்டம். காலையில் அதே அடுப்பில் தட்டையான சட்டி வைத்துத் தேங்காய்ப்பூ ரொட்டி சுடுவோம், பக்கத்தில் கட்டைச் சம்பல். கொழுப்பு விழும் தட்டைக் கடலில் கவிழ்ப்பதில்லை, கரைக்குக் கொண்டுவந்து கொட்டுவோம்.

வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் போகிறவர் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. கரைக்குக் கொண்டுபோய்ச் சுடக்கூடிய சின்னக் கரியடுப்பு போதும். மாதாமாதம் இரவு தங்குகிறவர், வெளிப்புறம் மாட்டக்கூடிய, மூடியும் சுடர் வால்வும் உள்ள காஸ் கெட்டிலைத் தயங்காமல் எடுக்கலாம். எங்களுடையதில் அடுத்ததாக மாற்ற இருப்பது சிலிண்டரிலிருந்து வரும் றப்பர் குழாய். தேதியின்படி இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் வெயில் படும் வளைவில் நகத்தால் அழுத்தினால் நுண்ணிய வெடிப்பு தெரிகிறது, நவம்பரில் படகு இறங்கும் முன் புதியது வந்துவிடும்.