உப்புக்காற்றில் ஃபிளாட்வவுண்ட்: டடாரியோ குரோம்ஸ் 11–50 ஸ்ட்ரிங் செட், ஜாஸ் கிட்டார்காரர்களுக்கு

டடாரியோ குரோம்ஸ் ஈசிஜி24. எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஃபிளாட்வவுண்ட் செட். அளவுகள், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 11, 15, 22, 30, 40, 50. மேல் இரண்டும் வெறும் கம்பி; மீதி நான்கிலும் தட்டையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாடாவைச் சுற்றிப் பளபளப்பாக்கியிருப்பார்கள். விரலை ஓட்டினால் சொரசொரப்பே இருக்காது. உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண ரவுண்ட்வவுண்ட் செட்டைவிட இரண்டு, மூன்று மடங்கு விலை. பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஜாஸ் பழகுகிறவர் இதை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்த ஜாஸ் வாசிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஜாஸ் கிட்டாரில் எது மைய நீரோட்டம், எது மாற்று என்பதைக் கிட்டாரின் உருவத்தை வைத்துப் பிரிப்பது பழைய வழக்கம். உள்ளே வெற்றிடமுள்ள பெரிய ஆர்ச்டாப் என்றால் மரபு, பலகை மாதிரியான டெலிகாஸ்டர் என்றால் மாற்று. இன்று இந்தக் கணக்கு உதவாது. கனடாவின் எட் பிக்கர்ட் டெலிகாஸ்டரில் வாசித்தது அசல் மரபு ஜாஸ். 2019-இல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் பெற்ற மேரி ஹால்வர்சன் கையில் இருப்பது பெரிய கில்ட் ஆர்ச்டாப். அதிலிருந்து, எதிரொலி தரும் டிலே பெடல் வழியாக ஸ்வரத்தை வளைத்து நெளித்து அவர் எடுப்பது முழுக்க மாற்று. 1958-இல் ஜாஸ்காரர்களை மனத்தில் வைத்து ஃபெண்டர் செய்த ஜாஸ்மாஸ்டரை அன்றைய ஜாஸ்காரர்கள் பெரிதாகச் சீண்டவில்லை. இன்று கிட்டார்காரர் நெல்ஸ் கிளைன் அதைக் கொண்டு மாற்று இசை செய்கிறார். கேட்கும் காதுக்கு வித்தியாசம் தெரிவது நாதத்தில்: கம்பியின் சுற்று, மூன்றாம் கம்பி சுற்றியதா வெறுமையா, எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), இடையில் என்ன பெடல். அதனால் ஒரே ஒரு கிட்டார் வைத்திருப்பவர் மரபுப் பக்கம் போக, புதுக் கிட்டார் வாங்கும் முன் இந்த செட்டை மாட்டிப் பார்ப்பதே குறைந்த செலவு.

நாதம் தடிமனாகத் தொடங்கிச் சீக்கிரம் அடங்குகிறது. கீச்சென்ற மேல்நாதம் குறைவு. கார்டு மாற்றும்போது விரல் உரசும் சத்தம் ஏறக்குறைய இல்லை. கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப், டோன் குமிழ் ஐந்து அல்லது ஆறில், ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் இல்லாமல் வைத்தால் போதும். உண்மையான லாபம் மூன்றாம் கம்பியில்தான். 6, 4, 3 கம்பிகளில் மூன்று ஸ்வர கார்டு பிடிக்கும்போது, வெறும் மூன்றாம் கம்பி தனியாகத் துருத்திக்கொண்டு ஒலிக்கும். சுற்றிய 22 அங்கே நாலாம் கம்பியோடு ஒரே குரலாகச் சேர்ந்துவிடுகிறது. மெலடியும் கார்டும் சேர்த்து வாசிப்பவர்களுக்கு இதற்காகவே காசு கொடுக்கலாம்.

இதே குணம் மறுபக்கத்தாருக்குக் குறை. டிலே, ரிவெர்ப், வால்யூம் பெடலால் ஸ்வரத்தை மெல்ல ஊதிப் பெருக்குவது, அமெரிக்கக் கிட்டார்காரர் பில் ஃப்ரிசெல் கேட்டு வளர்ந்தவர்கள் தேடும் அந்த மினுமினுப்பு, எல்லாவற்றுக்கும் மேல்நாதம் தீனி. ஃபிளாட்வவுண்ட் அதைக் கொடுக்காது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவின் வழியில் கமகம் பழகுகிறவர்களும் இதைத் தொட வேண்டாம். சுற்றிய மூன்றாம் கம்பியை இழுத்து ஒரு முழு ஸ்வரம் ஏற்றுவதற்குள் விரல் வலி கண்டுவிடும். இவர்கள் 10–46 ரவுண்ட்வவுண்டிலேயே, மேற்பூச்சுள்ள எலிக்ஸிர் மாதிரி செட்டுக்குப் போவது இந்தக் கரைக்குச் சரி.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. 10–46 இருந்த கிட்டாரின் நட்டில் (கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் அமரும் பள்ளமுள்ள துண்டு) மூன்றாம் பள்ளம் 17 கம்பிக்கு வெட்டியது. 22 அதில் முழுதாக இறங்காது. மேலேயே உட்கார்ந்தால் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஸ்வரம் ஏறிப் பேசும். சுருதி கூட்டும்போது சிக்கிச் சிக்கி "டிங்" என்று தாவும். அளவான நட் அரத்தால் அகலத்தை மட்டும் கூட்ட வேண்டும், ஆழத்தைத் தொடக் கூடாது. ஆழம் போனால் காலிக் கம்பி ஃப்ரெட்டில் அடித்து இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும். ஆர்ச்டாப்பில் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் இருந்தால் அதன் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டுங்கள். மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்துவிடும். கம்பியை நேராக வெட்டவும் கூடாது: கீ போஸ்ட்டைத் தாண்டி 90 டிகிரி மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டினால்தான் நாடா பிரியாது.

ஒரு நாள் விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கடைசி ஃப்ரெட்டில் விரல். ஏழாவது ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் போதும். அதிகமிருந்தால் நெக்கின் உள்ளே இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி பொறுத்துப் பாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் உயரம் ஆறாம் கம்பிக்கு 2, முதல் கம்பிக்கு 1.5 மில்லிமீட்டர். கடைசியாக இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது: பிரிட்ஜில் மூன்றாம் கம்பியைத் தாங்கும் சேடிலை நட் பக்கமாக முன்னே தள்ள வேண்டியிருக்கும், சுற்றிய கம்பிக்கு அவ்வளவு ஈடு தேவையில்லை. இதைச் செய்யாமல் விட்டு "செட் சுருதி நிற்கவில்லை" என்று சொல்வது செட்டுக்குச் செய்யும் அநியாயம்.

இனி உப்பு. மண்டபம் முகாமில் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அரிமானச் சோதனை நிலையமே வைத்திருக்கிறது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் கான்கிரீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் போட்டார்கள். அந்தக் காற்றில் குரோம்ஸின் நான்கு சுற்றுக் கம்பிகள் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. சுற்றின் இடுக்கில் வியர்வையும் உப்பும் தங்க ரவுண்ட்வவுண்டில் இருக்கும் பள்ளம் இதில் இல்லை. மேல் இரண்டு கம்பிகள் மட்டும் வெள்ளீயப் பூச்சுள்ள சாதாரண எஃகு; பூச்சு தேய்ந்த இடத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிடும். புள்ளி வந்த கம்பி விரலையும் அறுக்கும், ஃப்ரெட்டையும் தின்னும். செட் வாங்கும்போதே 11, 15 இரண்டிலும் சில உதிரிக் கம்பிகள் சேர்த்து வாங்கி, அவற்றை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் நாலு கம்பி வெகுகாலம் ஓடும். கூட்டிப் பார்த்தால் அந்த அதிக விலை இங்கே அவ்வளவாக உறுத்துவதில்லை.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிக்கு மேலும் அடியிலும் துடைத்து, பெட்டிக்குள் வையுங்கள். ஜன்னலோரம் மாட்டி வைத்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சேடில் திருகுகள்கூட இறுகிவிடும். பல்குத்தி நுனியில் ஒரு துளி மெஷின் எண்ணெய் அதற்குப் போதும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் நிறம் மாறினால் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம்.

தங்கச்சிமடம், பாம்பன் கோயில் பாடகர் குழுக்களில் இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டார்களுக்கு இந்த செட் வேண்டாம். கிட்டாரின் பெட்டி முழுதாக அதிர்ந்து ஒலிக்காது, ஒலி செத்துப்போகும். இன்னும் மென்மை வேண்டுவோர் வியன்னாவின் தோமாஸ்டிக் ஜாஸ் ஸ்விங் பார்க்கலாம்: நிக்கல் நாடா, இழுவிசை குறைவு, விலை இன்னும் மேலே. விரல் பழகாதவர்களுக்குக் குரோம்ஸிலேயே 10–48 உண்டு. நட் வேலை அதற்கும் தேவை.