செடி வளர்க்கும் மீன் தொட்டிக்குச் சாதா எல்இடி பல்பா, அக்வேரியம் லைட்டா?

2 அடித் தொட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

விலை: 9 வாட் பல்ப் இரண்டும் ஹோல்டரும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். செடிக்கென்றே விற்கும் அக்வேரியம் லைட் ஆயிரத்தைத் தாண்டும்.

வளர்ச்சி: அட்டையில் 6500கே (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை நிறம்) என்று பார்த்து வாங்கினால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற குறைந்த வெளிச்சச் செடிகளுக்குப் பல்பே தாராளம், ஆனால் சிவப்புச் செடியோ, தரையோடு படரும் வகையோ ஆசைப்பட்டால் அக்வேரியம் லைட்தான், அப்புறம் அந்தச் செடி கார்பன் டை ஆக்சைடும் கேட்கும், செலவு அங்கேதான் ஏறும்.

ஈரம்: பல்புக்கு ஆகாது, கண்ணாடி மூடிக்கு மேலேதான் தொங்க வேண்டும். மற்றதில் அந்தப் பயம் குறைவு.

அழகு: நியான் டெட்ரா மீன் அக்வேரியம் லைட்டில்தான் ஜொலிக்கும். பல்பில் சுமார்.

எதுவானாலும் நாளுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டினால் கண்ணாடியில் பச்சைப் பாசி ஏறிவிடும், டைமர் போட்டுவிடுங்கள்.

முதல் தொட்டியா? பல்பே போதும், மிச்சக் காசுக்குச் செடி வாங்குங்கள். சிவப்புச் செடிதான் வேண்டும் என்றால் லைட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.